போஸ்டரில் எந்தக் கையைப் போடுவது? ஒரு விழிப்புணர்வுப் பிரசாரத்தின் குறிப்புகள்

போன நவம்பரில் ஒரு நண்பன் போன் பண்ணினான். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு பார்க்கிறவன். "ஜனவரி 30 வருதுடா, தொழுநோய் ஒழிப்பு தினம். ஒரு போஸ்டர், ஒரு டி-ஷர்ட், ஒரு மக், அப்புறம் ஜனங்க கையில குடுக்கிற மாதிரி ஏதாவது ஒரு சாமான். நீதான் டிசைன் பண்ணித் தரணும்" என்றான். நான் தொழில்முறை வடிவமைப்பாளன் இல்லை. கல்லூரி நாட்களில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் தட்டிய அனுபவம் மட்டும்தான். "ஒரு வாரம் குடு, முடிச்சிடலாம்"னு சொல்லிட்டேன். இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் படித்ததையும் பட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். அது தெரியாமல் போஸ்டர் பற்றிப் பேச முடியாது.

தொழுநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. 1873-ல் நார்வேயைச் சேர்ந்த ஹேன்சன் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். படு சோம்பேறிக் கிருமி. ஒன்று இரண்டாகப் பிரிவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் உடம்புக்குள் வந்த பிறகு அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருடம் ஆகும், சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். பரம்பரையாக வருவதில்லை. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது, தும்மல், சளித் துளிகள் வழியாகப் பரவும். அப்படிப் பரவினாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு அதை இயல்பாகவே சமாளித்துவிடும். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையை 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக எடுத்தால் குணம். மாத்திரை இலவசம். சிகிச்சை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும்.

"அதெல்லாம் ஒழிஞ்சு போச்சே, இன்னும் எதுக்குப் போஸ்டர்?" என்று நானும்தான் கேட்டேன். 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை. ஒழிப்பு என்று செய்தியில் வந்தது அதைத்தான். இன்றும் வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகத்தில் வருடா வருடம் கண்டுபிடிக்கப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான்.

சரி, போஸ்டருக்கு வருவோம். என் முதல் டிசைன் இப்படி இருந்தது. கறுப்புப் பின்னணி. நடுவில் விரல்கள் மடங்கி, நுனி தேய்ந்துபோன இரண்டு கைகள், கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மேலே சிவப்பில் 'தொழுநோயை ஒழிப்போம்'. கீழே லோகோ, போன் நம்பர். ஆபீசில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. நன்கொடை தருகிற ஒருவர், "பார்த்ததும் மனசு கனத்துடுச்சு" என்று பாராட்டினார். எனக்கும் பெருமைதான். அச்சுக்குப் போகும் முன்னால், பல வருடங்களுக்கு முன் இந்த நோய் வந்து குணமான ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டு வருவோம் என்று நண்பன் கூட்டிக்கொண்டு போனான். போனதே ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அப்புறம் சொன்னார்: "ஆனா இதை அன்னிக்கு நான் பாத்திருந்தா, இது எனக்கில்லன்னு போயிருப்பேன். அப்ப என் கை நல்லா இருந்துச்சே. முதுகுல ஒரு தேமல், அவ்ளோதான்."

வண்டியில் திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் போஸ்டர் யாரைத் தேடுகிறது? நோய் இருந்தும் தெரியாமல் நடமாடுகிற ஒருவரை. அவருக்கு இன்றைக்கு இருப்பது ஒரு வெளிறிய படை, இல்லையென்றால் உள்ளங்காலில் கொஞ்சம் மதமதப்பு. நான் அவரிடம் காட்டுவது, சிகிச்சையே எடுக்காமல் விட்டால் பல வருடம் கழித்து வரக்கூடிய கை. அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்க்கிறார். நல்லா இருக்கு. போயிடுறார். அவரை டாக்டரிடம் போகச் சொல்வதற்குப் பதிலாக, போக வேண்டாம் என்று உறுதி கொடுத்து அனுப்புகிற போஸ்டர் அது. மனசு கனத்தது நன்கொடையாளருக்குத்தான். பணம் கேட்கிற போஸ்டரும் நோயாளியைக் கூப்பிடுகிற போஸ்டரும் ஒன்றாக இருக்க முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கை பற்றி நாம் நினைப்பதே தப்பு. கிருமி விரலைத் தின்பதில்லை. கிருமி நரம்பைப் பாதிக்கிறது. உணர்ச்சி போய்விடுகிறது, சில தசைகள் செயலிழக்கின்றன. சூடு தெரியாமல் பாத்திரத்தைத் தூக்கி, முள் குத்தியது தெரியாமல் நடந்து, புண்ணாகி, புண் ஆறாமல்தான் விரல் தேய்கிறது. இதை உலகத்துக்கு விளங்க வைத்தவர்களில் முக்கியமானவர் வேலூரில் வேலை செய்த பால் பிராண்ட். 1940-களின் கடைசியில் வேறு தசைநாரை இடம் மாற்றி வைத்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அங்கே ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்தது இது. பேருந்தில் அந்தப் பக்கம் நூறு முறை போயிருப்பேன், எனக்கு இது தெரியாது.

பயமுறுத்தும் படத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெரிய போஸ்டர் இருக்கிறது என்பது என் கட்சி. 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதாவின் நடிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கதையில் நோய், ஒழுக்கம் கெட்டவனுக்கு வருகிற தண்டனை. படம் பார்க்காதவர்களுக்கும் அந்தக் குரலும் உருவமும் தெரியும். தொழுநோய் என்றதும் தமிழ் மனசில் ஓடுகிற ஸ்லைடு அதுதான். நாம் ஏ3 தாளில் இன்னொரு மடங்கிய கையைப் போட்டால், அந்தப் படத்துக்கு இலவச விளம்பரம். புதிதாக ஒன்றும் சொன்னதாகாது.

அதனால் கையை எடுத்தேன். பதிலாக ஒரு சாதாரண முன்னங்கை. அதில் ஒரு வெளிறிய படை. அவ்வளவுதான். மேலே வாசகம்: 'உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்'. சுகாதாரத் துறைச் சுவர்களில் சின்ன வயசிலிருந்து படித்த வாக்கியத்தின் தம்பி மாதிரி இருக்கிறது இல்லையா? அதுதான் பிரச்சினையும்.

ஒரு பிரிண்ட் எடுத்து டீக்கடைக்குப் போனேன். இது புத்தகங்களில் சொல்கிற முறைதான், நான் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து விநாடி காட்டு, மடக்கிவிடு, "என்ன சொல்லுது?" என்று கேள். விளக்கம் கொடுக்காதே. முதல் ஆள், "ஏதோ சோப்பு விளம்பரம்" என்றார். இரண்டாவது ஆள், "படை மருந்து". மூன்றாவது ஆள் கவனமாகப் படித்தார். "தேமல் எல்லாருக்கும் இருக்கும் தம்பி. எனக்கே கழுத்துல இருக்கு. அரிச்சா மருந்து போடுவேன், இல்லேன்னா விட்டுருவேன்" என்றார். டீ மாஸ்டரும் ஆமாம் போட்டார்: "அரிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

எனக்கு வேண்டிய வாசகத்தை அவர்களே சொல்லிவிட்டார்கள். சாதாரணத் தேமல் அரிக்கலாம், வியர்த்தால் எரியலாம். தொழுநோய்ப் படைக்கு அரிப்பு இல்லை, வலி இல்லை. தொந்தரவு தராததால்தான் யாரும் காட்டுவதில்லை. 'உணர்ச்சியற்ற' என்ற சொல் யார் காதிலும் ஏறவில்லை. நாம் வீட்டில் 'உணர்ச்சி' என்ற சொல்லைத் தோலுக்குச் சொல்வதே இல்லை. 'மரத்துப் போச்சு', 'தொட்டா தெரியல' என்றுதான் சொல்கிறோம். கடைசியில் நின்ற தலைப்பு இது:

'அரிக்கல. வலிக்கல. தொட்டாலும் தெரியல. அந்தப் படையைத்தான் காட்டச் சொல்றோம்.'

இலக்கணம் பார்க்கிற ஒருவர், "போஸ்டர்ல கொச்சைத் தமிழா?" என்று கேட்டார். இருக்கட்டும் சார் என்று விட்டுவிட்டேன். மறுபடி டீக்கடைக்குப் போனபோது ஒருவர் படித்துவிட்டுத் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

நோயின் பெயரை எங்கே போடுவது என்பதில் பெரிய சண்டை. பெயரைத் தலைப்பில் போட்டால் அந்தப் போஸ்டர் முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். பக்கத்துவீட்டுக்காரர் பார்த்துவிடுவார். பெயரே போடாமல் விட்டால்? ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியர் ஒருவர் கேட்டார்: "நாமளே பேரைச் சொல்லக் கூச்சப்பட்டா, அவங்க எப்படி சார் சொல்வாங்க?" அவர் சொல்வது சரி. அந்தக் கூச்சத்துக்கு நம் சட்டமே சாட்சி. தொழுநோயாளிகளைத் தனியே அடைத்து வைக்க 1898-ல் வந்த சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து இந்த நோயை எடுத்தது 2019-ல். குணமாகிற நோய் என்று ஆகி முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து! நாங்கள் எடுத்த முடிவு: தலைப்பில் பெயர் இல்லை. இரண்டாவது வரியில் உண்டு, ஆனால் தனியாக இல்லை. 'தொழுநோயாக இருந்தாலும் மாத்திரையில் குணமாகும். மாத்திரை இலவசம்.' பெயரும் குணமும் ஒரே மூச்சில் படிக்கப்பட வேண்டும், நடுவில் வரி உடையக் கூடாது என்று அச்சகத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

இனி அச்சு. இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், எனக்குப் பிடித்த இடம்.

முதல் புரூஃப் வந்தபோது படையைக் காணோம். நிஜமாகவே காணோம். நாலு வண்ணத்தில் அடிக்கும்போது நம் தோல் நிறம் என்பது மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு எல்லாம் கலந்த ஒரு பழுப்பு. அதில் கொஞ்சம் வெளிறிய படை என்பது அந்தக் கலவையில் கொஞ்சம் குறைவு. கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரிந்த வித்தியாசத்தை, மை உறிஞ்சுகிற மேப்லித்தோ தாள் விழுங்கிவிட்டது. படையை இன்னும் வெளுக்கச் செய்தேன். செவிலியர் அதைப் பார்த்துவிட்டுப் பதறினார்: "ஐயோ சார், இது வெண்புள்ளி!"

இது சின்ன விஷயம் இல்லை. வெண்புள்ளி என்பது தோலில் நிறம் தருகிற அணுக்கள் இல்லாமல் போவது. கிருமி கிடையாது, தொற்றாது, தொழுநோய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஊரில் அதற்கு 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்து, அந்த ஒரு பெயராலேயே எத்தனையோ பேருக்குக் கல்யாணம் தட்டிப்போயிருக்கிறது. 'வெண்குஷ்டம் என்று சொல்லாதீர்கள்' என்று அவர்கள் போராடிக்கொண்டிருக்கும்போது, நான் பால் வெள்ளையில் ஒரு படையைப் போட்டு அதன் கீழே தொழுநோய் என்று எழுதி ஊரெல்லாம் ஒட்டப் போயிருக்கிறேன்.

தீர்வு எங்கள் அச்சகத்து அண்ணன் சொன்னது. நாலு கலரை விட்டுவிடு, ஒரே கலர் அடி. கையின் வடிவம் முழுக்க அடர் பழுப்பு மை. படை இருக்கும் இடத்தில் அதே மையை 60 சதவீதம் மட்டும், பொடிப் பொடிப் புள்ளியாக அடிப்பது. டின்ட் என்பார்கள். வெள்ளையும் ஆகாது, காணாமலும் போகாது. அந்தப் புள்ளிகளே தோல் மாதிரி ஒரு சொரசொரப்பைக் கொடுத்தன. ஒரே மை என்பதால் செலவும் குறைந்தது. மூன்று வாரம் நான் மல்லுக்கட்டியதை அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே முடித்துவிட்டார்.

எழுத்துரு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 'தொழுநோய்' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் காலும் வருகின்றன. படம் செய்கிற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அரசு, தனியார் வித்தியாசம் இல்லாமல் எத்தனை பேனரில் இப்படி உடைந்த சொற்களைப் பார்த்திருக்கிறோம்! தமிழ் தெரியாத ஊரில் அச்சடித்தால் யாருமே கவனிக்க மாட்டார்கள். அச்சுக்குப் போகும் முன்னால் எழுத்துகளை வடிவமாக மாற்றி அனுப்புங்கள், அப்புறமும் ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். டி-ஷர்ட், மக், கைப்பட்டை. திருப்பூரில் சொன்னால் வந்துவிடும். நண்பன் பட்டியலே வைத்திருந்தான். இங்கேதான் நான் கொஞ்சம் வரலாற்றுக்குள் போனேன்.

1991-ல் நியூயார்க்கில் 'விஷுவல் எய்ட்ஸ்' என்ற குழுவின் கலைஞர்கள் சேர்ந்து சிவப்பு ரிப்பனை உருவாக்கினார்கள். ஒரு துண்டு ரிப்பன், ஒரு மடிப்பு, ஒரு ஊக்கு. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளலாம். வேண்டுமென்றே யாரும் அதற்கு உரிமை பதிவு செய்யவில்லை, தனி ஒருவர் பெயரும் போடவில்லை. அந்த வருடம் டோனி விருது விழாவில் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார், அப்புறம் உலகம் முழுக்கப் போனது. அதன் பலமே அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்பதுதான்.

இளஞ்சிவப்பு ரிப்பனின் கதை அவ்வளவு அழகாக இல்லை. அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி, வீட்டிலேயே பீச் நிற ரிப்பன்களைச் செய்து, ஒவ்வொன்றோடும் ஒரு அட்டையை வைத்து விநியோகித்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அரசுப் பணத்தில் தடுப்புக்குப் போவது ரொம்பக் குறைவு, சட்டமன்றத்தில் இருப்பவர்களை எழுப்புங்கள் என்பது அந்த அட்டையின் சாரம். 1992-ல் ஒரு பத்திரிகையும் ஒரு அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டபோது, இது வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். ரிப்பன் பிரபலமானது, அட்டையில் இருந்த கோரிக்கை காணாமல் போனது. 2010-ல் கே.எஃப்.சி. இளஞ்சிவப்பு வாளியில் பொரித்த கோழி விற்றது, மார்பகப் புற்றுநோய் நிதிக்காக. அந்த வாளியை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மஞ்சள் ரப்பர் கைப்பட்டை 2004-ல் வந்தது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நைக்கி செய்தது. ஒரு டாலர். முதலில் 50 லட்சம் என்று போட்ட கணக்கு, கடைசியில் 8 கோடியைத் தாண்டியது. அப்புறம் 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பட்டங்கள் பறிபோயின, அடுத்த வருடம் நைக்கி விலகிக்கொண்டது. ஒரு முகத்தில் போய் எல்லாவற்றையும் ஒட்டினால் அந்த முகத்தோடு அதுவும் உரிந்து வரும்.

இவையெல்லாம் படிக்கச் சுவாரசியம், ஆனால் எனக்கு உதவவில்லை. ஏன் என்று யோசித்தேன். ரிப்பனும் கைப்பட்டையும் அணிகிறவர் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. 'நான் உங்கள் பக்கம்' என்று அடுத்தவருக்குச் சொல்கிற சாமான்கள் அவை. அங்கே அணிவதில் ஒரு பெருமை இருக்கிறது. எங்கள் ஊரில் முதுகில் 'தொழுநோய்' என்று எழுதிய டி-ஷர்ட்டை யார் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவார்? அதைவிட, அந்த டி-ஷர்ட் போட்ட தன்னார்வலர் ஒரு வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றாலே அந்த வீட்டைத் தெரு முழுக்க ஒரு மாதிரி பார்க்கும். உதவப் போகிறவரின் உடையே அங்கே காட்டிக்கொடுக்கிறது. துணிப்பையும் அப்படியே. மஞ்சப்பை நல்ல யோசனை, தினமும் கையில் இருக்கும், ஆனால் அதில் நோயின் பெயர் இருந்தால் காய்கறி வாங்க யார் எடுத்துப் போவார்கள்? உள்பக்கம் திருப்பித் தைத்துக்கொள்வார்கள்.

டி-ஷர்ட்டை வேண்டாம் என்றேன். நண்பனுக்குக் கோபம். "எல்லாப் பிரசாரத்துலயும் இருக்குடா" என்றான்.

பேனா யோசனை செவிலியரின் மேஜையில் கிடைத்தது. படையில் உணர்ச்சி இருக்கிறதா என்று அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று காட்டச் சொன்னேன். பெரிய கருவி ஏதோ எடுப்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையில் இருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். முதலில் நல்ல தோலில் மெல்லத் தொட்டு, இப்படித்தான் இருக்கும் என்று புரியவைப்பது. அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, படையின் மேல் அதே மாதிரி மெல்லத் தொடுவது. தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். குத்தக் கூடாது, இழுக்கவும் கூடாது. முகத்தில் நரம்புகள் அதிகம் என்பதால் அங்கே இந்தச் சோதனையை அவ்வளவு நம்ப முடியாது என்றும் சொன்னார். கள ஊழியர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிற சோதனைதான் இது.

அப்படியென்றால் கொடுக்க வேண்டிய சாமானே அந்தச் சோதனைக் கருவிதானே! பேனாவை யாரும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் எங்காவது கிடக்கும். நோயின் பெயரை அதில் போடவே வேண்டாம்.

எழுத இடம் சுண்டு விரல் அளவுதான். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் சின்னத்தைப் போடலாமா என்று பேச்சு வந்தது. தாமரை, கொஞ்சம் பாதித்த கட்டைவிரல், நல்ல ஆள்காட்டி விரல், ஒரு வீட்டின் வடிவம், உதிக்கும் சூரியன் எல்லாம் சேர்ந்தது அது. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு, அர்த்தங்களும் நல்லவைதான். ஆனால் பேனா அளவுக்குச் சுருக்கினால் ஒரு பூ மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்பு மாத்திரை அட்டை. 28 நாளுக்கு ஒரு அட்டை. பல வருடங்களாகக் கிருமி அதிகமுள்ள பெரியவர்களுக்குச் சிவப்பு, குறைவானவர்களுக்குப் பச்சை, அதே முறையில் குழந்தைகளுக்கு மஞ்சளும் நீலமும் என்று இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் எந்த அட்டை தன்னுடையது, எத்தனை நாள் பாக்கி என்று தெரியும். யாரும் அதை டிசைன் என்று பாராட்டியிருக்க மாட்டார்கள்.

பேனாவில் ஒரே வரி: 'தொட்டா தெரியுதா?' மறுபக்கம் சுகாதார நிலையத்தின் நம்பர். எப்படிச் சோதிப்பது என்பதை பஸ் டிக்கெட் அளவு அட்டையில் மூன்று கோட்டோவியமாகப் போட்டு, பேனாவின் கிளிப்பில் செருகினோம். அட்டையில் தெளிவாக, 'இது சோதனையின் முதல் படி மட்டும், முடிவு டாக்டர் சொல்வதுதான்' என்றும் போட்டோம். மொத்தம் 500 பேனா.

நன்கொடை கொடுப்பவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. அவர்களுக்கும் கையில் ஏதாவது வேண்டும், அதில் தப்பில்லை. இதற்கு எனக்கு வழிகாட்டியது செங்கல்பட்டு அருகே பாரதபுரத்தில் 2005-ல் தொடங்கிய பிந்து ஓவியப் பள்ளி. ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கும் பத்மா வெங்கட்ராமனும் ஆரம்பித்தது. தொழுநோயால் பாதிக்கப்பட்ட, தூரிகையே பிடித்திராத முதியவர்கள் அங்கே வரைந்தார்கள். மரம், மயில், மாடு, சூரியன், அப்பட்டமான நிறங்கள். அந்தப் படங்களில் பரிதாபம் கேட்கிற ஒரு கோடுகூட இல்லை. கண்காட்சிகளில் வைத்து விற்கப்பட்டன. வாங்கியவர்கள் படம் பிடித்திருந்ததால் வாங்கினார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பெரியவர் வரைகிறவர் இல்லை, ஆனால் கோலம் போடுகிற ஒரு அம்மா அந்தக் குடியிருப்பில் இருந்தார். அவர் போட்ட பன்னிரண்டு கோலங்களை மாதத்துக்கு ஒன்றாக வைத்துச் சிவகாசியில் காலண்டர் அடித்தோம். அவருக்குக் கூலி கொடுத்தோம். பேர் போடட்டுமா என்று கேட்டோம். ஒரு நாள் யோசித்துவிட்டு, "போடுங்க, கொட்டை எழுத்துல போடுங்க" என்றார்.

ஜனவரி 30 அன்று போஸ்டர் ஒட்டினோம். பேருந்து நிலையத்தில் ஒட்டியதன் மேல் மூன்றாவது நாளே ஒரு காதணி விழா ஏறி உட்கார்ந்தது. கட்டணக் கழிப்பறையின் உள்சுவரில் ஒட்டியவை மட்டும் ரொம்ப நாள் இருந்தன. அங்கேதான் ஆட்கள் தனியாக நின்று படிக்கவும் செய்கிறார்கள். இது நாங்கள் திட்டமிட்டதில்லை, பசை மிஞ்சிப்போனதால் ஒட்டியது.

பேனாக்களில் ஒரு கட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. பையன்கள் வகுப்பு முழுக்க ஒருத்தனை ஒருத்தன் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுக்கொண்டிருந்தார்கள் என்று டீச்சர் புகார் சொன்னார். சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக இன்னும் நாற்பது கேட்டார். மார்ச்சில் செவிலியரிடம் பேசினேன். பேனா அட்டையோடு நான்கு பேர் வந்தார்களாம். மூன்று பேருக்குச் சாதாரணத் தேமல். ஒருவரை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். அவர் யார், என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு குறை. பேனாவில் அடித்த எழுத்து இரண்டு மாதத்தில் கை வியர்வைக்கு அழிந்துவிட்டது. 'ரி' முதலில் போனது. இந்த வருடம் வேறு மை சொல்லியிருக்கிறேன், மாதிரி வந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் சுற்றிப் பார்க்க வேண்டும்.